கண்ணுக்குக் கீழே கருவளையம்: யாங்கோன் தமிழர்கள் மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாங்கோனில் ஒரு மருந்துக்கடையில் பல ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை செய்து வருகிறேன். கடையில் தமிழ் பேசும் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்த நாள் முதல், பர்மிய மொழியில் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்ட பல விஷயங்களை நம் பெண்கள் என்னிடம் வந்து சொல்கிறார்கள். அவற்றுள் கண்ணுக்குக் கீழே விழும் கருமையைப் பற்றிய கேள்வி வாரம் தவறாமல் வரும். கேட்கிறவர் கையில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு கிரீம் டப்பா இருக்கும். அதைத் திறப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

கருவளையம் என்பது ஒரு நோயா?

பெரும்பாலும் இல்லை. அது ஓர் அறிகுறி; அதுவும் ஒரே காரணத்தால் வருவது அன்று. இமையின் தோல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான் உள்ளது. நம் உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதான். அதன் அடியில் ஓடும் ரத்தக் குழாய்களும், அங்கே படியும் நிறமியும், கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையே விழும் பள்ளமும் வேறெங்கும் தெரியாத அளவுக்கு அங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன.

ஆகவே கருவளையத்தைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். மெலனின் என்னும் நிறமி கூடுதலாகப் படிவதால் பழுப்பாகத் தெரிவது ஒன்று. ரத்தக் குழாய்கள் தோலின் வழியே தெரிவதால் நீலமாகவோ ஊதாவாகவோ இருப்பது இன்னொன்று. கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் நிழல் விழுவதால் கறுப்பாகத் தோன்றுவது மூன்றாவது. நம்மில் பலருக்கு இவற்றில் இரண்டோ மூன்றோ கலந்தே இருக்கும். இந்த வகைகளைத் தெரிந்துகொள்ளாமல் பணம் செலவழிப்பதுதான் நான் தினமும் காணும் தவறு. நிழலைப் போக்க நிறமிக் கிரீம் பூசுகிறவருக்கு ஆறு மாதம் பூசினாலும் ஒன்றும் நடக்காது.

என்னுடையது எந்த வகை என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

காலை வெளிச்சத்தில், முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு கைக்கண்ணாடியோடு ஜன்னலுக்கு எதிரே உட்காருங்கள். மேலே எரியும் டியூப்லைட்டின் கீழ் பார்க்காதீர்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எல்லோருக்குமே கண்ணுக்குக் கீழே நிழல் விழும்.

முதலில் முகத்தை நேராக ஜன்னலுக்குக் காட்டுங்கள். கருமை பெருமளவு மறைந்துவிட்டால் அது நிழல். பிறகு ஒரு விரலால் கீழிமையின் தோலைக் கன்னத்தை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். இழுத்த இடம் முழுவதும் பழுப்பு நிறம் அப்படியே விரிந்து நின்றால் அது நிறமி. இழுக்கும்போது நீலமோ ஊதாவோ மேலும் அழுத்தமாகத் தெரிந்தால் அது ரத்தக் குழாய். கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டிய இடத்தில் நீலம் கூடுதலாக இருப்பது இந்த வகையில் வழக்கம்.

கடையில் இதை நான் பலருக்குச் செய்து காட்டியிருக்கிறேன். பெகுவிலிருந்து வந்த ஓர் அம்மா, விரலை வைத்து இழுத்தவுடனே, "இது கறுப்பே இல்லையே, நரம்பல்லவா தெரிகிறது!" என்று கண்ணாடியை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒன்பது மாதமாக அவர் வெளுப்புக் கிரீம் பூசிக்கொண்டிருந்தார்.

தூக்கம் போதாததால்தானே இது வருகிறது?

தூக்கக் குறைவு, ஏற்கெனவே இருக்கும் கருமையை மிகைப்படுத்திக் காட்டும். தூங்காத மறுநாள் தோல் வெளிறுகிறது; வெளிறிய தோலின் வழியே ரத்தக் குழாய்கள் கூடுதலாகத் தெரிகின்றன; இமையில் நீர் கோத்துக்கொள்வதால் வீக்கத்தின் நிழலும் சேர்கிறது. பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். மின்சாரம் போய், மின்விசிறி நின்று, ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் புரண்டு படுக்கும் இரவுகளில் அது எவ்வளவு கடினம் என்பதை நானும் அறிவேன். ஆயினும், எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கியும் கருமை மாறவில்லையென்றால், "நீ சரியாகத் தூங்குவதில்லை" என்று வீட்டார் சொல்வதைக் கேட்டு மனம் வருந்த வேண்டியதில்லை. காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

காலையில் மட்டும் இமை வீங்கியிருந்தால் இரவு உணவின் உப்பைக் கவனியுங்கள். ஙப்பி எனும் மீன் விழுதும், கருவாடும், ஊறுகாயும் ஒரே தட்டில் சேரும் வீடுகள் நம்முடையவை. உப்பைக் குறைத்து, தலைக்கு இன்னொரு தலையணை வைத்துப் படுத்தால் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும்.

என் அம்மாவுக்கும் பாட்டிக்கும் இப்படித்தான் இருந்தது. எனக்குப் போகுமா?

முழுவதுமாகப் போகாது, ஓரளவு மங்கும். தெற்காசியர்களின் குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாக வருவது மிகவும் சாதாரணம். சிறு வயதிலேயே தொடங்கி, மேலிமையிலும் கீழிமையிலும் ஒரே சீராக, இரண்டு கண்ணிலும் ஒரே அளவில் இருந்தால் அது பெரும்பாலும் குடும்ப வழியாக வந்த நிறம்தான். அது உங்கள் உடம்பில் ஏற்பட்ட கோளாறு அன்று. நீங்கள் செய்த தவறின் விளைவும் அன்று. வெயிலில் மேலும் கறுக்காமல் காப்பது ஒன்றே போதும் என்று முடிவு செய்கிறவர்களின் முடிவை நான் மனதார மதிக்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தைக்காகப் பதினெட்டு வயதுப் பெண்ணைக் கிரீம் வாங்க இழுத்து வரும் தாய்மாருக்கு இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

ரத்தசோகை என்றால் கண்ணுக்குக் கீழே கறுக்குமாமே? இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

ரத்தசோகையால் தோல் வெளிறும்போது கண்ணடிக் கருமை எடுப்பாகத் தெரியும் என்பது உண்மை. மாதவிடாயில் அதிகம் போகிறவர்களுக்கும், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். படியேறினால் மூச்சு வாங்குவது, நகம் வெளிறுவது, எப்போதும் அசதியாக இருப்பது ஆகியவை கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

ஆனால் மாத்திரை வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு அந்த எல்லை 11 கிராம். ஆணுக்கு 13 கிராம். இந்த நாட்டில் தலசீமியாவும் ஹீமோகுளோபின் ஈ என்னும் பரம்பரை ரத்தக் குறைபாடும் பரவலாக உள்ளன. அவற்றாலும் ஹீமோகுளோபின் குறையும். ஆனால் அங்கே பற்றாக்குறை இரும்புச்சத்தில் இல்லாமலும் இருக்கலாம். அப்படிப்பட்டவர் இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் பயன் இருக்காது. நோயின் தன்மையைப் பொறுத்து, உடம்பில் இரும்பு தேங்கித் தீங்கும் செய்யலாம். ஃபெரிட்டின் என்னும் பரிசோதனை, உடம்பின் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று சொல்லிவிடும். அதையும் சேர்த்துச் செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

மாத்திரை தேவை என்று உறுதியானால், அதைத் தேநீரோடு சாப்பிடாதீர்கள். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. தேநீர்க்கடை மேசையில் இலவசமாக வைக்கப்படும் வெறுந்தேநீர்க் கெண்டியிலிருந்து இரண்டு வாய் ஊற்றிக்கொண்டு மாத்திரையை விழுங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

தனக்கா பூசினால் கருவளையம் போகுமா?

இந்தக் கேள்வியை நான் விரும்பிப் பதில் சொல்வேன், ஏனென்றால் இந்த நாட்டு மரப்பட்டைப் பூச்சான தனக்கா எனக்கும் பிடித்தது. வட்டக் கல்லில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தனக்காக் கட்டையின் பட்டைப் பக்கத்தை, நாம் சந்தனம் இழைப்பது போலவே வட்டமாக இழைத்தால், வெளிர்மஞ்சள் குழம்பு கல்லின் ஓரத்து வாய்க்காலில் இறங்கி நிற்கும். கன்னத்தில் பூசியவுடன் ஏற்படும் குளிர்ச்சிக்காகவே பர்மியப் பெண்களைப் போல நம்மவரில் பலரும் அதைப் பூசத் தொடங்கினோம். ஷ்வேபோ பகுதித் தனக்காவா, ஷின்மடாங் பகுதித் தனக்காவா எது உயர்ந்தது என்ற வழக்கு இந்த நாட்டில் இன்னும் தீரவில்லை.

தனக்காப் பட்டையைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தபோது, அதில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருளும், நிறமி உருவாவதைக் குறைக்கக்கூடிய பொருளும் இருப்பதாகத் தெரிய வந்துள்ளது. ஆனால் சோதனைக்குழாயில் நடந்த சோதனை வேறு, இமைத் தோலில் பல மாதம் பூசிப் பார்ப்பது வேறு. கருவளையத்துக்குத் தனக்கா மருந்து என்று என்னால் சொல்ல முடியாது. மேலும் தனக்கா காயும்போது தோலின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வெடிக்கிறது. மெல்லிய இமைத் தோல் அதனால் வறண்டு அரிக்கும்; அரித்தால் தேய்ப்போம்; தேய்த்தால் கறுக்கும். ஆகவே கன்னத்திலும் நெற்றியிலும் மூக்கிலும் தாராளமாகப் பூசுங்கள். கண்குழி எலும்புக்கு உள்ளே வேண்டாம். டப்பாவில் வரும் தனக்காப் பொடியைவிட, கட்டையை நீங்களே இழைப்பது நல்லது. அதில் வேறு எதுவும் கலந்திருக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

தனக்கா பூசியிருந்தால் சன்ஸ்கிரீன் தேவையில்லை என்றும் எண்ணாதீர்கள். சன்ஸ்கிரீனை முதலில் பூசி, அது உலர்ந்த பிறகு மேலே தனக்கா வைத்துக்கொள்ளலாம்.

சந்தையில் வாங்கிய வெளுப்புக் கிரீமைக் கண்ணுக்குக் கீழே பூசலாமா? பத்தே நாளில் வெளுக்கிறதே?

பூசாதீர்கள். பத்தே நாளில் வெளுக்கிறது என்பதுதான் என் அச்சத்துக்குக் காரணம். தோலின் மேலடுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் வெளுக்கச் செய்யும் கிரீமில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்: பாதரசம், வீரியமான ஸ்டீராய்டு, அல்லது அளவு மிஞ்சிய ஹைட்ரோகுவினோன்.

ஒருமுறை ஒரு பெண் வெள்ளை டப்பா ஒன்றைக் கொண்டு வந்தார். மேலே முத்துப் படம்; எந்த மொழியிலும் சேர்மானப் பட்டியல் இல்லை; தயாரித்த ஊரின் பெயரும் இல்லை. உள்ளே இருந்த தாளில் மட்டும், "பூசும்போது தங்க நகையைக் கழற்றிவிடவும்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. தாலியையும் மூக்குத்தியையும் கழற்றி வைத்துவிட்டுப் பூச வேண்டிய கிரீம் எது என்று யோசித்துப் பாருங்கள். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து அதைக் கெடுக்கும்; அதனால்தான் அந்த எச்சரிக்கை. அந்தப் பெண்ணின் கண்ணடித் தோல் வெளுத்திருக்கவில்லை. சாம்பல் பூத்த நீலமாக மாறியிருந்தது.

பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கிறது. கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி ஆகியவை அதன் அடையாளங்கள். பூசியவரின் துண்டிலிருந்தும் தலையணை உறையிலிருந்தும் அது குழந்தைக்கும் சேரும். 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, தோலை வெளுக்கச் செய்யும் பாதரசக் கிரீம்களை உலகச் சந்தையிலிருந்தே அகற்ற வேண்டும் என்கிறது. சேர்மானத்தில் "மெர்க்குரி", "கலோமெல்" என்ற சொற்கள் இருந்தால் வாங்காதீர்கள். சேர்மானமே எழுதாத டப்பாவைத் தொடவே தொடாதீர்கள்.

ஸ்டீராய்டு கிரீம் இமையில் தொடர்ந்து பட்டால் தோல் இன்னும் மெலிந்து ரத்தக் குழாய் கூடுதலாகத் தெரியும்; அதாவது எதைப் போக்கப் பூசினீர்களோ அதுவே பெருகும். கண்ணின் உள்ளழுத்தம் கூடிக் கண்நீர் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம். ஹைட்ரோகுவினோன் மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில், சொன்ன மாதங்கள் மட்டும் பூசினால் பயன் உள்ள மருந்து. ஆண்டுக்கணக்கில் பூசினால் நீலக்கறுப்புப் படிவு தோலில் தங்கிவிடும். அதைப் போக்குவது மிகக் கடினம். இந்தக் கேட்டை நேரில் கண்ட தென்னாப்பிரிக்கா 1990இலேயே அதை அழகுப் பொருட்களில் தடை செய்தது.

இப்படிப்பட்ட கிரீமை மாதக்கணக்கில் பூசியவர் அதை நிறுத்துங்கள். ஆனால் நிறுத்திய பிறகு சில நாட்களில் முகம் சிவந்து எரியலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அது ஸ்டீராய்டு விட்டதன் விளைவு. அதைப் பார்த்துப் பயந்து மீண்டும் அதே டப்பாவைத் திறக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எலுமிச்சைச் சாறு, உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய், தேயிலைப் பை ஆகியவை?

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அதன் அமிலம் இமையை எரிக்கும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுக்கும். பற்பசையும் வேண்டாம். வெள்ளரிக்காயும் உருளைக்கிழங்கும் குளிர்ச்சிதான் தருகின்றன. குளிர்ந்த ஈரத்துணியும் அதையே செய்யும். ஊறவைத்துக் குளிரவைத்த தேயிலைப் பையைப் பத்து நிமிடம் வைத்தால், குளிர்ச்சியும் காஃபீனும் சேர்ந்து ரத்தக் குழாயைச் சுருக்கி, வீக்கத்தை ஒரு சில மணி நேரத்துக்குக் குறைக்கும். நீலநிற வகைக்கும் காலை வீக்கத்துக்கும் இது பொருந்தும், பழுப்புக்குப் பொருந்தாது.

கண்மை இடுவதால் கறுக்கிறதா?

இரவில் அழிக்காமல் படுத்தால் கறுக்கும். மையின் துகள் இமையோரத்தில் தங்கி நிழல் போலத் தெரியும். காலையில் அதை அழிக்கத் தேய்ப்பதால் நிறமியும் கூடும். பஞ்சில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, கண்ணை மூடி, இமைமேல் அரை நிமிடம் வைத்திருந்து மெதுவாக ஒரே பக்கமாகத் துடைத்தால் தேய்க்காமலே வந்துவிடும். கடையில் விற்கும் சில சுர்மாப் பொடிகளில் ஈயம் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அதை இடாதீர்கள். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க ஆசைப்படும் பாட்டிமார், கண்ணுக்குள் மை இடாமல், கன்னத்திலோ பாதத்திலோ வைத்தால் யாருக்கும் மனக்குறை இல்லை.

அப்படியானால் உண்மையில் பயன் தருவது எது?

பழுப்பு நிறமிக்கு முதல் மருந்து வெயிலைத் தடுப்பதுதான். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட, யுவிஏ, யுவிபி என்னும் இரு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுக்கும் சன்ஸ்கிரீனைக் கண்குழி எலும்பு வரை பூசுங்கள். துத்தநாக ஆக்சைடு உள்ளது பெரும்பாலும் கண்ணை எரிக்காது. நம் நிறத் தோலைச் சாதாரண வெளிச்சமும் கறுக்கச் செய்கிறது; ஆகவே இரும்பு ஆக்சைடு கலந்து லேசான தோல்நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் கிடைத்தால் அது இன்னும் நல்லது; முகமும் வெள்ளையாகப் பூத்துத் தெரியாது. மழைக்காலத்திலும் நிறுத்தாதீர்கள். பசீன் நகரத்துக் குடையோ கறுப்புக் குடையோ, வெளியே போகும்போது கையில் இருக்கட்டும்.

அடுத்தது, இரவில் பூசும் மருந்துகள். வைட்டமின் சி சீரம் நிறமியைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கச் செய்யும். அது வெப்பத்தில் கெட்டுப் பழுப்பாகிவிடும். யாங்கோன் வெயிலில், குளிர்சாதனப் பெட்டியும் பாதி நாள் நின்றுபோகும் வீடுகளில், சிறிய புட்டியாக வாங்கிச் சீக்கிரம் முடிப்பதே சரி. ரெட்டினால் மெல்லிய தோலைக் காலப்போக்கில் சற்றுத் தடிக்கச் செய்வதால் நிறமிக்கும் நீலத்துக்கும் ஓரளவு உதவும். வாரத்துக்கு இரண்டு இரவு, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு துவரம்பருப்பு அளவு, இமையோரத்தில் படாமல் எலும்பின் மேல் மட்டும் தொட்டு வையுங்கள். தோல் உரிந்து எரிந்தால் நிறுத்திவிட்டு, ஆறிய பிறகு இடைவெளியைக் கூட்டித் தொடங்குங்கள். அஸிலாயிக் அமிலம், கோஜிக் அமிலம் ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். நீலநிற வகைக்குக் காஃபீன் கலந்த கண் ஜெல் தற்காலிகமாக உதவும்.

எந்த மருந்தையும் ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் காத்திருங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே தூரத்தில் மாதம் ஒருமுறை படம் எடுத்து வைத்துக்கொண்டால், மாற்றம் இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும். தினமும் கண்ணாடி பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது.

கண்ணோடு கழுத்தும் அக்குளும் கறுத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கிரீம் போதுமா?

கிரீமை விடுங்கள், சர்க்கரையைப் பாருங்கள். பிடரியும் அக்குளும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். அதே கருமை கண்ணைச் சுற்றியும் வரலாம். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் இருந்தால் எச்சரிக்கை நிலை. 126ஐத் தொட்டால் மறுபடியும் சோதித்து நீரிழிவா என்று உறுதி செய்ய வேண்டும். எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வரும்போது கருமையும் இறங்கும்.

என் பிள்ளைக்குப் பத்து வயது. எப்போதும் கண்ணடி ஊதாவாக இருக்கிறது. ஏன்?

மூக்கடைப்பு, தும்மல், கண் அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வாமையால் மூக்கினுள் வீங்கும்போது கண்ணடி நாளங்களில் ரத்தம் தேங்கி ஊதாவாகத் தெரியும். மே முதல் அக்டோபர் வரை சுவரில் பூஞ்சணம் பூக்கும் வீடுகளில் இது மிகவும் சாதாரணம். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, படுக்கையை வெயிலில் காயவைத்து, சாமியறைப் புகையைப் பிள்ளை படுக்கும் அறைக்கு எட்டாமல் வைத்துப் பாருங்கள். ஒவ்வாமைக்கான மாத்திரையை மருத்துவர் எடைக்கேற்ப எழுதித் தருவார். கண்ணைக் கசக்கும் பழக்கத்தைத் திட்டி நிறுத்த முடியாது. கசக்கத் தோன்றும்போதெல்லாம் குளிர்ந்த துணியைக் கையில் கொடுங்கள்.

கண் சொட்டு மருந்தால் கறுக்குமா?

கண்நீர் அழுத்தத்துக்குக் கொடுக்கும் லட்டனோபிராஸ்ட், பிமடோபிராஸ்ட் வகைச் சொட்டுகளால் கறுக்கும். ஆனால் அந்தச் சொட்டுதான் பார்வையைக் காக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள். சொட்டு விட்டவுடன் கன்னத்தில் வழிவதைத் துடைத்துவிட்டு, வேறு மருந்து மாற்ற முடியுமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

லேசர், ஊசி, நிரப்பி (ஃபில்லர்) ஆகியவற்றைப் பற்றி?

பாங்காக்குக்கும் சென்னைக்கும் போய்ச் செய்துகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம் நிறத் தோலில் லேசர் தவறாகப் பட்டால், போக்க வந்த கருமையை விடக் கூடுதல் கருமை தங்கிவிடும். கறுத்த தோலில் பலமுறை செய்து பழகிய தோல் மருத்துவர் மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

பள்ளத்தின் நிழலுக்கு ஹயலுரோனிக் அமில நிரப்பி உண்மையிலேயே நல்ல பலன் தரும். ஆனால் மேலோட்டமாகச் செலுத்தினால் அந்த இடமே நீலமாகத் தெரியும். மிக அரிதாக, மருந்து ரத்தக் குழாய்க்குள் போனால் கண் பார்வையே போய்விடலாம். அழகு நிலைய நாற்காலியில் உட்கார்ந்து இதைப் போட்டுக்கொள்ளாதீர்கள். போடுகிறவர் மருத்துவரா, நிரப்பியைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் மருந்து அதே அறையில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது?

ரெட்டினாலும் ஹைட்ரோகுவினோனும் கூடாது. சன்ஸ்கிரீன், குடை, குளிர்ந்த துணி ஆகியவை போதும். கர்ப்பத்தில் கூடிய நிறம் பிள்ளை பிறந்து சில மாதங்களில் பெரும்பாலும் மங்கும்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்ய?

புதிய மருந்து எதையும் தொடங்காதீர்கள். மூன்று வாரத்தில் எதுவும் வெளுக்காது, ஆனால் எரிந்து சிவப்பதற்கு மூன்று நாள் போதும். ஒப்பனையால் மறைப்பதில் குற்றம் எதுவும் இல்லை. வெளிர்நிறப் பூச்சை நேராகக் கருமையின் மேல் வைத்தால் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். முதலில் ஆரஞ்சு நிறத் திருத்திப் பூச்சை மெல்லியதாக விரல் நுனியால் ஒற்றுங்கள். நீலத்தை ஆரஞ்சு அடக்கும். அதன் மேல் உங்கள் தோலின் நிறத்திலேயே உள்ள பூச்சை வையுங்கள். ஒருமுறை முன்கூட்டியே போட்டு, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் பாருங்கள். முகூர்த்தம் விடியற்காலையில் என்றால் முந்தின இரவு உப்பைக் குறைத்துச் சாப்பிட்டுப் படுங்கள்.

எப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒரு கண்ணில் மட்டும் திடீரெனக் கறுத்தால், வீங்கினால், வலித்தால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால் அன்றே போங்கள். தலையில் அடிபட்ட பிறகு இரண்டு கண்ணையும் சுற்றிக் கன்றினால் மண்டையோட்டில் விரிசல் இருக்கலாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அடிபடாமலே குழந்தையின் கண்ணைச் சுற்றிக் கன்றியிருந்தாலும் உடனே காட்டுங்கள். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையின் கண் குழிவிழுந்தால் அது கருவளையம் அன்று, நீர்வற்றுதல். உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஓடுங்கள். தினமும் காலையில் இமை வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். குளிர் தாங்காமை, எடை கூடுதல், குரல் கரகரப்பு ஆகியவை சேர்ந்தால் தைராய்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

என்னிடம் ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்க?

ஜன்னல் சோதனையில் பழுப்பு என்று தெரிந்தால் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். நீலம் என்றால் எதையும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிழல் என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கிரீம் எதுவும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. கையில் ஏற்கெனவே பெயரில்லாத டப்பா இருந்தால், அதைப் பாலிதீன் பையில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த முறை கடைக்கு வரும்போது கொண்டு வாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.